நுகத்தடி உன் வீட்டில், கலப்பை என் வீட்டில்

மடுகரைக்குக் கரண்டுக் கம்பம் வந்த வருசம் அது. கோயிலில் ரேடியோ கட்டி, ஊரே உட்கார்ந்து கேட்ட வருசம். உன் வீட்டுக்காரி இன்று காலையில் நம் நுகத்தடியை ஆட்டோவில் கொண்டுவந்து என் வாசலில் சாத்தியதும் அதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஒற்றை மாட்டுக்காரர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏர் கட்டுவது வழக்கம். அந்த வருசம் மழைக்கு முன்பே எல்லோரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூட்டாளியின் மாட்டை வைத்துத் தன் நிலத்தை உழுதுகொண்டு, அவன் முறை வந்தபோது தன் மாட்டுக்கு நோவு என்று சொன்னவர் என் அப்பா. அரியூரில் நீயும் அதையே செய்துவிட்டு மாமனார் ஊருக்கு வந்தவன். மிச்சம் நாம் இரண்டு பேர்தான்.

மழை பெய்தது. வரப்பில் நின்றோம்.

"மொதல்ல என்னுது," என்றாய்.

"உன்னுது முடிஞ்சா நீ வருவேன்னு இன்னா நிச்சயம்?"

"நீ மட்டும் வந்துடுவியா?"

ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் போகம் தவறினால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. கஞ்சி கொண்டுவந்த உன் வீட்டுக்காரி தூக்கை இறக்காமலே சொன்னாள்: "மொறச்சிக்கினே நில்லுங்க, மண்ணு கல்லாப் பூடும். இங்க பாதி ஓட்டிட்டு அங்க பாதி ஓட்டுங்களேன்."

அப்படியே செய்தோம். என் துண்டு நிலத்தில் கொஞ்சம், உன் துண்டில் கொஞ்சம், நடுவில் மாடுகளோடு நடை. "இன்னாடா, மாட்டுக்கு ஊர்வலமா?" என்று சிரித்தார்கள். பொழுது சாய்ந்ததும் நுகத்தடியை நீ தூக்கிப் போவாய், கலப்பையை நான். ஒருவனை விட்டு ஒருவன் ஏர் பூட்டக் கூடாது.

வருசங்கள் போயின. நாம் ஒருமுறைகூட ஏமாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் வேறு யாரும் நம்மைக் கூப்பிடவில்லை. நெட்டப்பாக்கத்துக்காரர் ஒருவரை உனக்குத் தெரியாமல் கூட்டுக்குக் கேட்டுப் பார்த்தேன். அதே ஆளை நீயும் கேட்டிருந்தாய்.

"நாம யோக்கியன் இல்லப்பா. நமக்குப் போக்கெடம் இல்ல, அவ்ளோதான்," என்றாய்.

டிராக்டர் வந்து எல்லோரையும் அவிழ்த்துவிட்டது. மாடுகளை விற்ற பிறகும், கண்ணை மூடும்வரை நீ நுகத்தடியைக் கொடுக்கவில்லை, நானும் கலப்பையைக் கொடுக்கவில்லை.

"வூட்ட இடிச்சிக் கட்டறாங்க அண்ணே, இத நீயே வெச்சிக்க," என்றாள் இன்று. நான் உள்ளே போய்க் கலப்பையின் இரும்புக் கொழுவைக் கழற்றி வந்து அவள் கையில் கொடுத்தேன். எல்லாம் ஒரே வீட்டில் இருக்க இன்னும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்காமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். கேட்காமலே தெரிந்துகொள்ள எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான், உன் அஞ்சலை.