‘மற்றவை’ என்று நான் எழுதிய பூச்சிகள்

அன்பு மாரி அண்ணே,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. எனக்கு ஒழுங்கில்லாமல் எழுத வராது. அதனால் முதலில் வரிசை:

1. பீடோரில் உள்ள உங்கள் பழத்தோட்டத்தின் இன்றைய நிலை.
2. என் பூச்சிக் குறிப்பேடு.
3. வயதாகிக் காய்ப்பு நின்ற உங்கள் செம்பெடாக் பலா மரங்கள்.

ரப்பர் பால்வெட்டு வேலை போனபின் நீங்கள் நட்ட கொய்யா நன்றாக இருக்கிறது. ரம்புத்தான் மரத்தில் கொடுக்கில்லாத கெலுலுட் தேனீ கூடு வைத்திருக்கிறது. அண்ணிக்கு முழங்கால் வலி. அதனால் மரங்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை.

பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றபின் மாதம் ஒருமுறை ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வருவேனே. மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து, விழும் பூச்சிகளை வண்டு, தேனீ, குளவி, எறும்பு என்று பிரிப்பேன். மிளகுப் பொடியைவிடச் சிறியவற்றைக் கடைசிக் கட்டத்தில் ‘மற்றவை’ என்று போடுவேன். “என்னா சார், எங்க பூச்சிக்கெல்லாம் ஐசி கார்டு எடுத்துக் குடுக்கப் போறீங்களா?” என்பீர்கள்.

அப்போதுதான் செம்பெடாக்கில் கறுத்துப் பூசணம் பிடித்த ஆண் பிஞ்சுகளைக் காட்டினேன். அவை காயாகாது, நோய்தான் பரப்பும், பறித்து எரித்துவிடுங்கள் என்றேன்.

“அது எப்பவும் அப்படித்தான் கெடக்கும் சார். சரி, படிச்சவங்க சொல்றீங்க” என்று ஏணியை எடுத்தீர்கள். வாரம் தவறாமல் பறித்தீர்கள். காய்ப்பு குறைந்தது, பிறகு நின்றது. மரத்துக்கு வயதாகிவிட்டது என்றேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டீர்கள்: “நான் என்னா தப்பு செஞ்சேன் சார்? மரம் ஏன் கோவிச்சிக்கிச்சு?” அப்போதும் வயது என்றுதான் சொன்னேன். அதை நம்பினீர்களா அண்ணே?

அண்ணியிடமும் அதையே சொன்னேன். மரம் வெட்ட ஆள் பேசிவிட்டார். நேற்றுக் காலை போன் செய்தார்: “சார், வந்து பாருங்க லா. கெழவன் போனதும் மரத்துக்கு வயசு கொறஞ்சிருச்சு.”

போனேன். அடிமரம் முழுக்கப் பிஞ்சு. அண்ணி பழத்துக்கு உறை போட உரச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக யாரும் ஏணி சாய்க்கவில்லை. கறுத்த ஆண் பிஞ்சுகள் அப்படியே இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பூசணத்தில் பொடி ஈக்கள் மேய்ந்துகொண்டிருந்தன, உடம்பெல்லாம் மகரந்தம். அங்கிருந்து கிளம்பிப் பெண் பூவில் போய் உட்கார்ந்தன. என்னுடைய ‘மற்றவை’. அவற்றின் சாப்பாட்டைத்தான் உங்கள் கையால் எரிக்க வைத்திருக்கிறேன்.

“என்னா சார் அப்படிப் பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல அண்ணி. மரத்த வெட்ட வேணாம்.”

காரணத்தைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது குறிப்பேட்டைத் திறக்கவே இல்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சாகும் முன் அண்ணியிடம் நேரில் சொல்லிவிடுவேன், அண்ணே. இது சத்தியம். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. இத்தனை நாள் சொன்னதையே கை எழுதிவிட்டது, அடிக்காமல் விடுகிறேன். மரங்களுக்கு வயதாகவில்லை. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

நீங்கள் சார் என்றே கூப்பிட்ட தம்பி,
கணேசன்