புளியமர பேட்டும் அலுமினிய பேட்டும்

14.10.91, திங்கள்
காலையில் தூறல். மைதானம் முழுக்கச் சேறு. ஆனாலும் சாஃப்ட்பால் பிராக்டீஸ் உண்டு. வெள்ளிக்கிழமை இங்கேயே மாவட்ட செலக்‌ஷன். பேர் வந்தால் சர்டிபிகேட், அதை வைத்து அடுத்த வருஷம் உடற்கல்விப் பயிற்சிக்கு சீட். இல்லையென்றால் பிள்ளைப்பாக்கம் மாத்திரைக் கம்பெனியில் பாக்கிங். அம்மா அங்கே சொல்லியே வைத்துவிட்டாள்.

அலுமினிய பேட்: பள்ளிக்கூடத்தில் இருப்பதே இது ஒன்றுதான், பி.டி. டீச்சர் கொடுத்தது. லேசு. டங் என்று சத்தம்.
புளியமர பேட்: அண்ணன் தான் வேலை பார்க்கும் மண்ணூர் பட்டறை லேத்தில் கடைந்தது. கை வலிக்கிற கனம். பட்டால் பந்து வேலி தாண்டும். பட்டால்!

எதை எடுத்துப் போவது? தலை சுற்றுகிறது. ஷாம்பு வாங்க வேண்டும்.

15, செவ்வாய்
வெயில். டீச்சர்: "கனம் பாக்காதடி. பேட் எவ்ளோ வேகமா சுத்துதோ அதான் கணக்கு." சரி.
அண்ணன்: "இன்னா பேசறாங்க உங்க டீச்சர்? சின்ன சுத்தியால அட்ச்சா முளை எறங்குமா? சம்மட்டி வோணும்." அதுவும் சரி.
பந்து போடும் மேரி: "கனமானத கொஞ்சம் மேல புடிச்சிக்கோ, லேசாயிடும்." பிடித்தேன். லேசாகத்தான் ஆனது. ஆனால் பந்து எட்டவில்லை.

மூன்று பேர் சொல்வதும் எப்படிச் சரியாக இருக்கும்? சே.

16, புதன்
சாயங்காலம் அண்ணன் வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்று பார்த்தான். அவனுக்காகப் புளியமரத்தையே எடுத்தேன். பந்து கடந்து போன பிறகுதான் பேட் வருகிறது. கடைசியில் ஒன்றே ஒன்று பட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் எருமை பக்கத்தில் போய் விழுந்தது. கை தட்டுவான் என்று பார்த்தேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கோபமா?

17, வியாழன். ஆயுத பூஜை
பட்டறையில் பொரி, கடலை, லேத்துக்கு மாலை. எட்டிப் பார்த்தால் ஸ்பேனர், சுத்தி வரிசையில் என் இரண்டு பேட்டும், சந்தனம் குங்குமத்தோடு!

"அண்ணா, நாளைக்கு காலைல எட்டு மணிக்கு செலக்‌ஷன்!"
"ஐயோ. மத்தியானம்னு நென்ச்சிகினு வெச்சிட்டனே."

மறுபூஜை முடியாமல் எதையும் தொடக்கூடாது. முதலாளி நாளைக்கு ராகுகாலம் கழித்து, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் செய்வார். அண்ணனோ இந்த விஷயத்தில் மகா பிடிவாதம். போன வருஷம் இதே நாளில் செயின் கழன்றபோது, மாட்டாமல் மண்ணூரிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவன். அவனிடம் கெஞ்சி என்ன ஆகப் போகிறது? அழுதேன். சாப்பிடவில்லை.

18, வெள்ளி
வெறுங்கையோடு போனேன். டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டேன், ஒருத்தியும் தரவில்லை. எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது அண்ணன் வந்தான். வேர்த்து வழிய, கேரியரில் ஒரு பேட். அலுமினியம். பொட்டு அப்படியே இருந்தது.

"பூஜைலர்ந்தா எட்த்துகினு வந்த?"
"பேசாத. அட்ச்சிட்டு குடு."
"உன்னுது எங்கண்ணா?"
"அது உனக்கு லேட்டாவுது. நான்தான் பாத்தனே."

அவன் கடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் பேரைச் செதுக்கிய பேட். அதை விட்டுவிட்டு இதை எடுத்து வந்திருக்கிறான். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

டங். டங். கையெல்லாம் குங்குமம். ஒன்று வேலியே தாண்டியது. லேசான பேட்டால் எப்படி அவ்வளவு தூரம்? இன்னும் புரியவில்லை.

அடித்து முடித்ததும் பேட்டை அண்ணனிடம் கொடுத்தேன். பேர் படித்தார்கள். என் பேர் இருந்தது! திரும்பினால் அண்ணனைக் காணோம். முதலாளி வருவதற்குள் பேட்டைச் சாமி முன்னால் வைக்க அப்போதே ஓடியிருக்கிறான், சேதி தெரியாமலே. பட்டறைக்குப் போகிறேன்.