கிரகம் பாக்குறவ

பிரான்ஸ், 12.3.1986

அன்புள்ள அம்மாவுக்கு ஆதிலட்சுமியோட வணக்கம். இங்க நான் சௌக்கியம். உன் முட்டிவலி தேவலையா?

'எம்பொண்ணு கிரகம் பாக்குறா'ன்னு குருசுக்குப்பம் பூரா சொல்லி வச்சிருக்க! கவரைப் பிரிச்சா நாலு ஜாதகம், என்னோடதும் சேத்து. உன் கடுதாசி ஒரு வரிகூட இல்ல. கமலா அக்கா மகளுக்கு எப்பக் கல்யாணம்னு எனக்கெப்படித் தெரியும்?

நான் தேடுற கிரகம் எங்கயோ ஒரு மங்கலான நட்சத்திரத்தைச் சுத்துறது. கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரம் லேசா அசைஞ்சா, பக்கத்துல ஏதோ இழுக்குதுன்னு அர்த்தம். போன மாசம் ஒண்ணு அசைஞ்சுது; பாத்தா மெஷின் கோளாறு! எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும், நான் கண்டுபிடிச்சுடுவேன்.

தபால் எடுக்குற நேரமாச்சு. அடுத்த தடவை நாலு வரியாவது எழுதும்மா. மத்த ஜாதகத்தையெல்லாம் திருப்பி அனுப்புறேன். என்னோடதை மட்டும் வச்சுக்கறேன். அதுக்குப் பின்னால நீ எழுதுன மளிகை லிஸ்ட் இருக்கு. அந்தக் கையெழுத்தைப் பாத்ததும் நானும் லேசா அசைஞ்சுட்டேன்.

உன் மகள்,
ஆதி