கம்ப்யூட்டர் படத்தில் இல்லாத ஆள்

பெரியவனோட அம்மாவுக்கு,

நான் நல்லாருக்கேன். உன் இடுப்பு வலி எப்படி இருக்கு?

இரும்புத் தகட்டுல தண்ணி வேகமா மோதினா எப்படி வளையும்னு இங்க கம்ப்யூட்டர்லயே முதல்ல பாத்துடுறாங்க. அப்புறம் நெசத் தொட்டியில சரிபாப்பாங்க. தொட்டி நம்ம மாட்டுக்கொட்டகை அளவு இருக்கும். கொட்டகைக் கூரையை மாத்தினியா? சரி, அதை விடு. தகட்டைத் தொட்டியில வச்சுத் திருகாணி முடுக்குறது என் வேலை. நேத்து நான் நகர்றதுக்குள்ள தண்ணியைத் திறந்துட்டாங்க. தகடு வளைஞ்சு வலது கையில லேசா பட்டுடுச்சு.

இன்ஜினியர் ஓடி வந்து தகட்டைத் தடவிப் பாத்தார். "கம்ப்யூட்டர்ல வந்த மாதிரியே வளைஞ்சிருக்கு"ன்னு சிரிச்சார்.

"சார், என் கை?"ன்னேன்.

"நீ ஏன்யா அங்க நின்ன? படத்துல ஆளே கெடையாதே."

கவலைப்படாதே. ரூம்ல பக்கத்துக் கட்டில்காரர்தான் இதை எழுதித் தர்றார், அவருக்கு வேலைக்கு நேரமாச்சு. யாராவது வந்தா, பொத்தான் இல்லாத சட்டை ரெண்டு கொடுத்து விடு. பொத்தான் பூட்டிவிட இங்க யார் இருக்கா?