என் தொந்தியை நம்பி அளந்தது

என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவதிக்கு, நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்யாணப் பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஒரு வேடிக்கை கேள். பட்டறைக்கு ஒரு பழைய கார் வந்தது. உள்ளே எல்லாம் புதுசு, பார்வைக்கு மட்டும் அந்தக் காலம் தெரிய வேண்டுமாம். அதற்காக நீளமான ஸ்டியரிங் தண்டு ஒன்றைப் பொருத்தினேன். வண்டிச் சொந்தக்காரர் வராததால் நானே சீட்டில் உட்கார்ந்து, என் வயிற்றில் இடிக்காதபடி அளந்து வைத்தேன். என் தொந்தியை மிஞ்ச ஆள் ஏது என்ற மிதப்பு.

நேற்று அவர் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் வயிற்றில் அழுந்தியது. “யார வச்சுய்யா அளந்த, ஈர்க்குச்சியவா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். தொந்தி எப்போது போனதென்று எனக்கே தெரியாது.

தண்டை வெட்டி ஒட்டி முலாம் பூச மூன்று வாரம் ஆகும். “வண்டி வெளிய போனாதான் நீயும் போவ” என்று மேஸ்திரி என் லீவைப் பிடுங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. எவன் வயிற்றுக்கோ மூன்று அங்குலம் இடம் செய்யத்தான் நான் பெண்ணைப் பெற்றேன் போல.

எனக்குத் தைத்த கல்யாணச் சட்டையை உன் தம்பிக்குக் கொடு. பழைய அளவு, அவனுக்குத்தான் பொருந்தும். என் இடத்தில் அவனே நிற்கட்டும். அப்பா இளைத்த கதையை அவளிடம் சொல்லாதே. மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் ஈர்க்குச்சி.