எண்ணெய் போட்ட கதவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம். அப்பாவின் முட்டிவலி மட்டும் மழை வந்தால் வருகிறது, வெயில் வந்தால் போகிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வார்டில் வேலை அதிகம், அதனால்தான் பதில் போடவில்லை என்று போனில் சொன்னேனே, அது பொய். நீ அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் நான் தம்பியின் தலைமுடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன், நீயும் பாவம் என்று விட்டுவிட்டாய். உன் ஆய்வுக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். ஆனால் அதற்கு முன்னால் போன வாரம் நான் போய் வந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி, அப்பா மாதிரி கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு நர்சுகளைப் புண்ணுக்குக் கட்டுப்போடும் புது முறையைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், சனி ஞாயிறு இரண்டே நாள். ஓட்டல் கிடையாது, ஆளுக்கொரு நர்ஸ் வீடு. எனக்கு வாய்த்தவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், அதனால் மனதுக்குள் தங்கச்சி என்றே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போய் இறங்கியதும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தன் கட்டிலையே எனக்குக் கொடுத்துவிட்டாள், அவளும் வீட்டுக்காரரும் கூடத்தில் பாய் மாதிரி ஒன்றை விரித்துக்கொண்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஆஸ்பத்திரி இங்கிலீஷ் மட்டும்தான், வலி, வீக்கம், பிரஷர், மூச்சை இழு, மூச்சை விடு. அதை வைத்தே இரண்டு குடும்பத்துக் கதையையும் பேசி முடித்தோம் என்றால் பார்த்துக்கொள். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, புது வீட்டுக்குள் போனால் கண் ஒரு இடத்தில் நிற்காது. சமையலறைக் கடிகாரம் ஏன் பத்து நிமிஷம் முன்னால் ஓடுகிறது என்று கேட்டேன், வீட்டுக்காரர் பஸ் டிரைவர், காலை முதல் வண்டி அவருடையது, அதனால் என்றாள். துணி காயப்போடும் கம்பியைக் கயிறு போட்டுக் கூரைவரைக்கும் தூக்கிக் கட்டியிருந்தார்கள், நான் நாலு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன், நம் வீட்டுக்கும் ஒன்று வேண்டும். அலமாரி எதையும் நான் திறக்கவில்லை, திறந்திருந்ததைத்தான் பார்த்தேன். வீட்டில் மூன்றாவது ஆள் தங்கச்சியின் அப்பா, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று பணிவாக ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "உங்களுக்கு இன்னைக்குத் தபால் எதுவும் இல்லம்மா" என்கிறார் என்று தங்கச்சி சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. மறதி நோய் என்று எனக்கு உடனே புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம், கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கிரீச்சென்று ஒரு சத்தம், தூக்கிவாரிப் போட்டது. பெரியவரின் அறைக் கதவு. அதன் பின்னால் யாரோ நடக்கும் சத்தம், பிறகு வாசல் கதவு. யாரோ நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் வார்டில் இருந்தவளுக்குக் கிரீச் சத்தம் என்றால் எப்படி இருக்கும் சொல், ஒரு டிராலி சக்கரம் முனகினால் பத்து நோயாளி விழிப்பார்கள். அதற்காகத்தான் என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன தையல் மெஷின் எண்ணெய் டப்பா இருக்கும், நீகூட அதைக் கேலி செய்வாய். பாவம் இந்தப் பெரியவர் தூக்கம் கெடுகிறதே, என்னை இப்படித் தாங்குகிறார்களே, கைம்மாறாக ஏதாவது செய்வோம் என்று சாயங்காலம் தங்கச்சி சமையலில் இருந்தபோது மூன்று கீலுக்கும் எண்ணெய் விட்டு, பத்துத் தடவை ஆட்டி, வழிந்ததைத் துடைத்தும் விட்டேன். கதவு வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, காலையில் அவர்களே கண்டுபிடித்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தங்கச்சி என்னை எழுப்பினாள், முகத்தில் ரத்தமே இல்லை. அப்பா கட்டிலில் இல்லை, வாசல் கதவு திறந்து கிடக்கிறது என்றாள். வீட்டுக்காரர் எப்போதோ வண்டிக்குப் போய்விட்டார். கதவு சத்தம் கேட்கவே இல்லையே, எனக்கு என்ன ஆச்சு, செத்த மாதிரி தூங்கிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அந்த நடையிலேயே நின்று எண்ணெய் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள், நான் பின்னாலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே துண்டு துண்டாகச் சொன்னாள். "பூட்டி வைங்கன்னு டாக்டர் சொன்னார். பூட்டினா கதவத் தட்டிக்கிட்டே நின்னு அழறார். அதான் பூட்டறதில்ல. சத்தம் கேட்டா எந்திரிச்சு நானும் கூட நடப்பேன். கால் வலிச்சா அவரே திரும்பிடுவார்." தினமும் விடியற்காலையில் இதைத்தான் செய்கிறாள், பாப்பா, தியேட்டரில் பத்து மணி நேரம் நிற்கிறவள். அவர் தபால் கொடுத்த பழைய வழி அவளுக்கு மனப்பாடம். மருந்துக்கடை, சலவைக்கடை, பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனோம், இல்லை. அதற்குப் பிறகு பெரிய சாலை, அதைத் தாண்ட அவரை அவள் எப்போதும் விட்டதில்லையாம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறேன், என் கையாலேயே ஒரு உயிரைத் தொலைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே சாலையின் இரண்டு பக்கமும் தேடினேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடி வாசலில் இருந்தார். இரவு உடுப்பு, ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் மகளின் ஷூ. எங்கேயோ எடுத்த கடை விளம்பரக் காகிதங்களை அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, தபால் பெட்டிகளின் எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி கத்தவில்லை, இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். எட்டு என்றார். எட்டும் முடியும்வரை நின்றோம். கடைசியில் ஒரு காகிதம் மிஞ்சியது, அதை என்னிடம் நீட்டி, "இது உங்களுக்கு வந்ததும்மா, ரொம்ப நாளா இருக்கு" என்றாராம். வாங்கிக்கொண்டேன். உன் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. அது என் கைப்பையில் எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வந்த நாளிலிருந்து கிடந்தது.

அன்றைக்கு வகுப்பு காலையோடு முடிந்தது. மத்தியானம் டிரைவர் வந்து கதை கேட்டு முதலில் வெலவெலத்துப் போனார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துக் கீல்களைத் துடைத்தோம். கட்டுப்போடக் கற்றுக்கொள்ளப் போனவள் கதவுக்குக் காயம் உண்டாக்கிக்கொண்டு இருந்தேன். டிரைவர் கீலின் ஆணியைக் கழற்றிச் சோப்பு போட்டுக் கழுவி மாட்டினார். நான் விமானத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் லேசாகக் கிரீச்சென்றது. தங்கச்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள், நானும்தான். எண்ணெய் டப்பாவை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டேன்.

இப்போது உன் விஷயம். பாப்பா, நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். உன் கடிதம் வந்த அதே வாரம் எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலை காலி என்று தெரிந்து, உன்னைக் கேட்காமல் உன் பெயரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். உன் கையெழுத்தையும் நானே போட்டேன். ஏழாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையில் நீ என் கையெழுத்தைப் போட்டாய், அதற்கு இது சரியாகப் போச்சு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. உத்தரவு வந்தபிறகு சொன்னால் நீ மறுக்க மாட்டாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை முதல் வேலையாகப் போய் அதைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன், இந்த உறையிலேயே இருக்கிறது. கிழித்துப் போட்டாலும் சரி, உனக்கே தோன்றிப் புதிதாக ஒன்று எழுதி அனுப்பினாலும் சரி, அதில் கையெழுத்து நீ போடு. இருக்கட்டுமா என்று கேட்டாய், இரு. எனக்குப் பிடித்துச் சொல்லவில்லை, எழுதும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதையும் மறைக்கப்போவதில்லை. பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வந்து ஊர் சுற்ற ஆசை இல்லை. காலையில் நீ வேலைக்கு எந்த வழியாகப் போகிறாய், அந்த வழியில் யார் கடை இருக்கிறது, எங்கே சாலையைத் தாண்டுகிறாய் என்று கூட நடந்து பார்க்க வேண்டும்.

நீ நீண்ட ஆயுசோடு, நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து நன்றாக இரு. கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொல்லி எத்தனை தடவை சொல்வது, இந்த வாரமே காட்டு. இன்னொன்று. நீ ஊருக்குப் போன மறுமாதமே உன் அறைக் கதவுக்கும் எண்ணெய் போட்டிருந்தேன். அப்பா அங்கே போய் உட்காரும்போதெல்லாம் அது முனகும், நீதான் வந்துவிட்டாய் என்று ஒரு நொடி ஏமாந்து போவேன், தாங்க முடியவில்லை. நேற்று அதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன், இன்று காலையில் மெல்ல முனகியது. நீ எப்போது வந்தாலும் எனக்குக் கேட்க வேண்டும்.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா