என் பேரில் ஓடும் கார்

செவ்வாய், 4 மார்ச்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் மூன்று தடவை இருட்டி, வராமலே போய்விட்டது. எங்கள் பண்டமாரான் முழுக்க துறைமுக லோரிப் புழுதி. காயப்போட்ட சட்டைகளை வீட்டுக்காரி ரீட்டா மறுபடியும் துவைத்தாள். யார் மேல் கோபம் என்று நான் கேட்கவில்லை.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டர். கண் சொட்டு மருந்து. பாடற்குழுவுக்கு ஃபைல். செல்வத்துக்கு ஃபோன்.

கடைசியை மட்டும் செய்தேன். அந்த நம்பரே உபயோகத்தில் இல்லையாம்.

சாயந்திரம் முடிவெட்டப் போனேன். துணியைப் போர்த்தும்போதே கடைக்கார முத்து ஆரம்பித்தான். "என்ன ஸ்டீபன் அண்ணே, மறுபடி கார் ஓட்டுறீங்க போல? நேத்து காப்பார்ல பாத்தேன். கை காட்டுனேன். நீங்களும் காட்டுனீங்க."

"நான் இல்லப்பா. நான் ஓட்டி எட்டு மாசம் ஆச்சு."

"உங்க கார்தான் லா. வெள்ளக் கார். நம்பர் எனக்குத் தெரியாதா?"

காதுக்குப் பின்னால் கொஞ்சம் அதிகமாகவே வழித்துவிட்டான்.

ஒழுங்காக எழுதி வைக்கிறேன். போன ஜூலையில் டாக்டர் இனிமேல் ஓட்டாதே என்றார். சர்க்கரை, இடது கண். வேலைக்குக் கம்பெனி வேன் வருகிறது, கார் சும்மா நின்றது. பேங்க் கடன் இன்னும் நாலு வருஷம், மாதம் 612 வெள்ளி. அப்போதுதான் செல்வம். பிரிக்பீல்ட்ஸ் கண் கிளினிக்கில் பக்கத்து நாற்காலி. மனைவியைக் காட்ட வருவார். நாலு தடவை பார்த்த பழக்கம், அவ்வளவுதான். "சம்போங் பாயார் போட்டுக்கலாம் அண்ணே" என்றார். கடன், ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் என் பேரில். ஓட்டுவதும் மாதம் கட்டுவதும் அவர். பேங்குக்குச் சொல்வதில்லை. யார்தான் செய்யவில்லை?

ஒரே தாள், இரண்டு கையெழுத்து, என் அடையாள அட்டை ஐ.சி.யின் காப்பி. காப்பி கொடுத்தால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். ஆபீசில் எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். பேனாவும் கையில் இருந்தது. அப்போதுதான் அவர் எனக்கு டீ சொல்லியிருந்தார். அவர் கண் எதிரே கோடு போட்டால் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று கூச்சம். போடவில்லை.

புதன், 5 மார்ச்

சாம்பல் புதன். நெற்றிச் சாம்பலோடு வேலைக்குப் போனேன். வேன் டிரைவர் துடைத்துக்கொள்ள டிஷ்யூ கொடுத்தார், பாவம். தவக்காலத்துக்கு டீயை விட்டாயிற்று. பத்து மணிக்கே தலைவலி.

ஐந்தாம் தேதிப் பணம் வந்துவிட்டது. 612, டோலுக்கு ஐம்பது சேர்த்து. எப்போதும் போல பேங்க் மிஷினில் ரொக்கமாக. மனசு லேசாயிற்று. முத்துவுக்குத்தான் கண் டாக்டர் வேண்டும்.

காரில் ஒட்டிய டோல் ஸ்டிக்கரின் கணக்கு இன்னும் என் ஃபோனில்தான் இருக்கிறது. கார் டோலைத் தாண்டினால் எனக்குச் செய்தி வரும். மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை, ஏனென்றால் கார் எங்கே போகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. ரீட்டா: "அடுத்தவன் போற எடத்தையெல்லாம் பாத்துக்கிட்டு. இது ஒரு வியாதி."

இன்றைய செய்திகள்:
8.05 கே.எல். பக்கம்.
10.40 நம் வீட்டுக்குப் பக்கத்து டோல், வெளியே.
11.15 அதே டோல், உள்ளே.

முப்பத்தைந்து நிமிஷம் இங்கே என்ன வேலை? ரீட்டாவிடம் சாதாரணமாகக் கேட்டேன். காலையில் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் எஞ்சினை அணைக்காமல் நின்றதாம். நான்தான் எதையோ மறந்துவிட்டு யாருடனோ வந்திருக்கிறேன் என்று கேட்டைத் திறக்கப் போனாளாம். போய்விட்டதாம்.

வெள்ளி, 7 மார்ச்

லீவு. கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல். கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டதில் மத்தியானம் வரை எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருந்தது. அப்படியே செல்வம் வீட்டுக்கு. மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை.

அவர் மனைவி கமலா கம்பிக் கதவைத் திறக்காமலே பேசினார். அவருக்கும் பார்வை மங்கல்தான்.

"அவர் டிசம்பர்லயே தவறிட்டாருங்களே. ஹார்ட்டு. நீங்க?"

"ஸ்டீபன். கார் ஸ்டீபன்."

உள்ளே டிவியில் சமையல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்டீபன் அண்ணன் கருமாதிக்கே வந்துட்டாரே. வந்து கார எடுத்துக்கிட்டாரு. ஐ.சி. காப்பி காட்டுனாரு, அந்தத் தாளும் வச்சிருந்தாரு. எல்லாம் சரியா இருந்துச்சு." பிறகு, கம்பிக்குக் கிட்டே வந்து: "உங்க குரல் அவரோடது இல்லையே. நீங்க யாரு?"

என் ஐ.சி.யை நீட்டினேன். வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியலைங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த ஸ்டீபன் சனிக்கிழமை மத்தியானம் கீழே வாழையிலைக் கடைக்கு வருவாராம். கமலாவுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவாராம்.

டிசம்பர். அப்படியானால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பணம் போட்டது செல்வம் இல்லை. ரயிலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். ஷா ஆலம் தாண்டியும் மறுபடி எண்ணினேன்.

சனி, 8 மார்ச்

ரீட்டாவிடம் பாடற்குழு என்று சொல்லிவிட்டு மறுபடி பிரிக்பீல்ட்ஸ். நல்ல மழை. சேலைக்கடை வாசலில் ஒதுங்கி நின்றேன்.

கார் வந்தது. என் கார். பின் கண்ணாடியில் நான் ஒட்டிய மாதா ஸ்டிக்கர், கழுவித் துடைத்து, நான் வைத்திருந்ததைவிடச் சுத்தமாக. இறங்கியவர் என் வயசு, என் உயரம். முகம் எனக்குத் தெளியவில்லை. மழை, என் கண், இரண்டும்தான். காப்பியில் என் முகம் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது. எவன் முகமும் அதில் பொருந்தும்.

என்னைப் பார்த்து அவராகவே வந்தார். "வாங்கண்ணே. கண்ணு எப்படி இருக்கு?"

என்ன கேட்பது என்று ஊரிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எல்லாம் மறந்துவிட்டது. "நீங்க யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"ஸ்டீபன்." சிரிப்பெல்லாம் இல்லை. "செல்வம் எனக்குப் பணம் தர வேண்டியிருந்துச்சு. காரை எடுத்துக்கச் சொல்லித் தாளையும் காப்பியையும் தந்தாரு. மாசம் அஞ்சாந்தேதி சரியா வருதில்ல? ஒரு நாள் தப்புனதுண்டா?"

"என் பேரைச் சொல்லிக்கிட்டு..."

"ரோட்டுல நிப்பாட்டுனா வேற எந்தப் பேரைச் சொல்றது? கார் அந்தப் பேர்லதானே இருக்கு." பிறகு, வீட்டு விஷயம் பேசுவது போல: "காப்பார்ல ஒரு சின்ன விஷயம் ஆயிருச்சு. ஜனவரியில. மோட்டார் சைக்கிள்ல வந்த பொம்பளப் பிள்ளை. கால் முறிஞ்சிருச்சு. நானே தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தேன். குடும்பத்தோட பேசியாச்சு, போலீஸ் வேணாம்னுட்டாங்க. செலவு பூரா நம்மளுது. எழுதிக் குடுத்திருக்கேன்."

"யார் பேர்ல?"

"நம்ம பேர்லதான்."

அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். "ரீட்டாக்கா தேடுவாங்க. நீங்க வீட்ல இருங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

சாப்பிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிடவில்லை.

புதன், 19 மார்ச்

இரண்டு நாளாக மழை. சாக்கடை அடைப்பு. கேஸ் வந்தது.

ரீட்டாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரே வார்த்தை: "போலீஸ்." அவளுக்கு எப்போதும் எல்லாம் சுலபம். கணக்கு இதுதான்: உள்ளதைச் சொன்னால், பேங்கின் காரைத் தெரியாத ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான். சொல்லாவிட்டால், அந்தப் பெண்ணை இடித்தவனே நான். செல்வம் இருந்தால் சாட்சி சொல்வார். இல்லை. பயமாக இருக்கிறது, இங்கே எழுதுவதற்கென்ன.

கோயிலில் உபதேசியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிள்ளான் ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்கம்மாவ வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டீங்களாமே. வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருக்காங்க. ரொம்ப நன்றி பிரதர்."

பரவாயில்லை என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் இன்னும் பயம்.

சனி, 5 ஏப்ரல்

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போன கூட்டம் இன்னும் திரும்பவில்லை, ரோடு காலி. பணம் வரவில்லை.

காலையில் பார்த்தேன். பத்து மணிக்கு. பன்னிரண்டுக்கு. மிஷின் கோளாறாக இருக்கும் என்றேன். ரீட்டா மீன் கழுவினாள்.

டோல் செய்தி கடைசியாக வந்தது புதன்கிழமை. அன்றைக்கு மட்டும் ஏழு. ஒவ்வொன்றும் வடக்கே, வடக்கே. கடைசி டோலுக்கு அப்பால் தாய்லாந்து எல்லைதான். அதன் பிறகு ஒன்றும் இல்லை. ஃபோனை நாலு தடவை அணைத்துப் போட்டாயிற்று.

மார்ச்சில் திட்டினேன், அந்த ஆள் தொலைந்தால் போதும் என்று. இப்போது அவர் வர வேண்டுமே என்றிருக்கிறது.

ஞாயிறு, 6 ஏப்ரல்

பூசை முடிந்து வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே பழைய வேன். ஐம்பது வயசு அம்மா ஒருவர் இறங்கினார். கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே நண்டு அசைந்தது. வேனுக்குள் ஒரு பெண், காலை நீட்டி, ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு. இருபது வயசுகூட இருக்காது.

"ஸ்டீபன் அண்ணன் வீடு இதுதானுங்களே?" மடித்து மடித்துக் கிழிந்த தாளைக் காட்டினார். என் முகவரி, என் ஐ.சி. நம்பர். கீழே கையெழுத்து, என்னுடையதைவிடத் திருத்தமாக. "காப்பார்லேர்ந்து வரோம். வாரா வாரம் வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போவாரு. பெருநாளுக்கும் வரல, ஃபோனும் போகல. உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டோம். அவர் மாதிரி மனுஷன் கிடைக்குமா? இடிச்சிட்டு ஓடாம தூக்கிக்கிட்டு ஓடுனாரே."

ரீட்டா கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் இன்னொரு ஆபரேஷன். அதையும் பாத்துக்கறேன்னு சொன்னாரு. அண்ணன் இருக்காருங்களா?"

"இல்லைங்க" என்றேன். "வெளியூர் போயிருக்காரு."

"நீங்க?"

"தம்பி."

அந்த அம்மா முகம் தெளிந்து, நண்டுப் பையைக் கம்பி வழியாக என் கையில் கொடுத்தார். "அதான் பாத்தேன். அப்படியே அவர் ஜாடை."